மலையடிவாரத் தோட்டத்துக்குக் குடிவருகிறவர்களுக்கு: நாயிலிருந்து யானை வரை

தடாகம், ஆனைகட்டி, நரசீபுரம், தொண்டாமுத்தூர் என்று கோவைக்கு மேற்கே மலையை ஒட்டி ஒன்றிரண்டு ஏக்கர் வாங்கிக் குடிவருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "இங்கே யானை வருமா?" என்பதுதான். வரும். ஆனால் வந்த முதல் வாரத்திலேயே உங்களை வழிமறிக்கப்போவது யானை இல்லை, பக்கத்துத் தோட்டத்து நாய். அதற்கடுத்து மாடு. பாம்பை எப்படியும் ஒரு மழைக்காலத்துக்குள் பார்த்துவிடுவீர்கள். யானை கடைசியில்தான். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில் போகிறது.

சாளையில் (தோட்டத்து வீட்டில்) காலங்காலமாகக் குடியிருக்கிறவர்களைக் கொஞ்ச நாள் கவனித்துப் பாருங்கள். தைரியத்தால் அவர்கள் சமாளிப்பதில்லை. எது எந்த நேரத்தில் எந்தப் பக்கமாக வரும் என்று தெரியும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். முக்கால்வாசி வித்தை அதில் முடிந்துவிடுகிறது. மீதி கால்வாசிக்குத்தான் டார்ச் லைட்டும் செருப்பும் ஊசியும்.

1. சாமான் இறக்குவதற்கு முன்பே விசாரியுங்கள்

நிலம் விற்றவரிடம் கேட்காதீர்கள். அவர் "அதெல்லாம் ஒண்ணும் வராதுங்க" என்றுதான் சொல்வார். ஆடு மாடு மேய்க்கிறவர், விடியற்காலை பால் எடுக்க வருகிறவர், இரவுத் தண்ணீர் பாய்ச்சுகிறவர், வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர் ஆகியோரிடம் கேளுங்கள். யானை எந்தப் பள்ளத்து வழியாக இறங்குகிறது? எந்த மாதத்தில்? யார் தோட்டத்து நாய் கடிக்கும்? எந்த மாடு முட்டும்? உங்கள் கிணற்று மேட்டில் கடைசியாக என்ன பாம்பு அடித்தார்கள்? டீக்கடையில் உட்கார்ந்து கேட்டால் ஒரே காலையில் எல்லாம் வந்துவிடும்.

பிறகு ஒரு நாள் ஒதுக்கி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் நேரில் போங்கள். பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து இருக்கிறதா, ராத்திரியில் டாக்டர் இருப்பாரா, நாய்க்கடி ஊசி எந்த நேரத்தில் போடுவார்கள் என்று கேட்டு வையுங்கள். கடிபட்ட பிறகு ஆஸ்பத்திரி தேடிக்கொண்டு சுற்றுவதில்தான் நேரம் போய்விடுகிறது. 108 எல்லோருக்கும் தெரியும். கால்நடைக்கு 1962, தீயணைப்புக்கு 101. உங்கள் பகுதி வனச்சரக அலுவலக எண்ணைச் சுவரிலேயே எழுதிவிடுங்கள். தோட்டத்தில் எந்த இடத்தில் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பதையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. நாய்

ஊர் நாய் வேறு, தோட்டத்து நாய் வேறு, ஆட்டுப் பட்டி நாய் வேறு. ஊர் நாய் பெரும்பாலும் குனிந்து கல் எடுக்கிற பாவனை காட்டினாலே ஒதுங்கிவிடும். தோட்டத்து நாய்க்கு அதன் வேலிதான் கணக்கு; நீங்கள் எல்லையைத் தாண்டி நடந்துவிட்டால் குரைப்பதை நிறுத்திவிடும். பட்டி நாயிடம் கல் வேலை செய்யாது. செம்மறிக் கிடை போட்டிருக்கிற காட்டுக்குள் (விளைநிலத்துக்குள்) நடக்காதீர்கள்; தூரத்தில் நின்று ஆட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். அவர் ஒரு சத்தம் கொடுத்தால் போதும்.

ஓடக் கூடாது. நின்று, கையைத் தொங்கவிட்டு, நாயின் கண்ணையே முறைத்துப் பார்க்காமல், பக்கவாட்டில் மெல்ல விலகுங்கள். பைக்கில் போகும்போது துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். வேகத்தைக் குறைத்தால் பாதி நாய்கள் அங்கேயே ஆர்வம் இழந்துவிடும். கடியைவிடப் பயந்து வண்டியோடு விழுவதில்தான் கை கால் முறிகிறது.

கடித்துவிட்டால் முதல் மருத்துவமனை உங்கள் வீட்டுக் குழாயடிதான். தண்ணீரை ஓடவிட்டு, சோப்புப் போட்டு, காயத்தை 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். கழுவுகிறவருக்கு மூன்று நிமிடமே கால் மணி நேரமாகத் தெரியும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றே ஊசி. அரசு மருத்துவமனையில் இலவசம். தோலில் போடும் ஊசி கடிபட்ட அன்று, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் என்று நான்கு தவணை. ரத்தம் வந்த காயமாக இருந்தால், காயத்துக்குள்ளேயே போடுகிற இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். அதை நீங்களாகவே கேளுங்கள். "நம்ம வீட்டுக் குட்டிதானே, பல்லு பட்டுச்சு" என்று விடுவதுதான் ஆபத்து. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிறகு பிழைக்க வைக்க வைத்தியம் கிடையாது. பூனை, குரங்கு, கீரி கடித்தாலும் இதே நடைமுறை.

3. மாடு

மாட்டைச் சாது என்று நினைத்து நேராகப் போய் நெற்றியைத் தடவுவது பட்டணத்துப் பழக்கம். மாட்டுக்கு உங்களைத் தெரியாது. அது பார்க்கிற மாதிரி பக்கவாட்டில் இருந்து, குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். முதலில் கழுத்தடியில் கை வையுங்கள். பின்னங்காலை மாடு பின்பக்கம் மட்டும் உதைப்பதில்லை, பக்கவாட்டிலும் வீசும். ஆகவே தொடையருகே நிற்பதும் பாதுகாப்பு இல்லை. கன்று போட்டு நாலைந்து நாளே ஆன மாட்டிடம், கறக்கிறவரைத் தவிர யாரும் போகக் கூடாது. எவ்வளவு சாதுவான மாடும் அப்போது முட்டும்.

கயிறு பிடிக்கச் சொன்னால் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். இது ஒன்றையாவது நினைவில் வையுங்கள். பிடி நழுவாமல் இருக்கட்டும் என்று புதியவர்கள் விரலில் ஒரு சுற்று சுற்றிக்கொள்வார்கள்; மாடு வெருண்டு இழுத்தால் விரல் கயிற்றோடு போகும். மடித்து உள்ளங்கையில் பிடியுங்கள், இழுத்தால் விட்டுவிடுங்கள். மாட்டைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, பக்கத்து வீட்டாரின் பகையைச் சம்பாதித்துத் தருகிற விஷயம். வீட்டில் விசேஷம் நடந்து சோறு மிஞ்சிவிடும். வீணாக்க மனசு வராமல், மேய்ந்துகொண்டிருக்கும் மாட்டுக்கு ஒரு குண்டா நிறையக் கொட்டுவார்கள். மாடும் ஆசையாகத் தின்னும். மாட்டின் பெருவயிறு புல்லையும் வைக்கோலையும் மெதுவாக நொதிக்க வைக்கிற இடம். சோறு, பொங்கல், மாவு மொத்தமாகப் போனால் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். அசை போடுவது நின்றுபோகும், வயிறு உப்பும், மாடு படுத்தால் எழாது. ஓரிரு நாளில் செத்தும் போகும். பொங்கல், கல்யாணம், கோயில் அன்னதானம் முடிந்த மறுநாள்களில் கால்நடை மருத்துவர்கள் இதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அடுத்தவர் மாட்டுக்கு எது கொடுப்பதானாலும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மிஞ்சிய சோறு தின்று மாடு சோர்ந்து நின்றால் காத்திருக்காமல் 1962-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். உங்கள் காட்டில் இளஞ்சோளம் இருந்தால் வேலியைப் பார்த்துக்கொள்வதும் நல்லது. இளம்பயிரில் மாட்டைக் கொல்கிற சயனைடு உண்டு.

ரோட்டில் ஆட்டு மந்தை, மாட்டு மந்தை எதிர்ப்பட்டால் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். ஹாரன் அடித்தால் கூட்டம் சிதறி உங்கள் மேலேயே ஏறும்.

4. பாம்பு

ஆளைக் கொல்கிற பாம்புகளில் இங்கே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கிற விஷமுறிவு மருந்து இந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்தது. விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் பெரும்பங்கு, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துடையது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

சாரை, தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளி, கொம்பேறி மூக்கன் இவையெல்லாம் உங்களை ஒன்றும் செய்யாது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரமேறி உட்கார்ந்து சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்று ஊரில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், அதற்கு விஷமே கிடையாது. ஆனாலும் அடையாளம் தெரியாதவரை எல்லாவற்றையும் விஷப் பாம்பாகவே நினைத்து விலகுங்கள். கட்டுவிரியனையும் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனையும் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பிரித்துச் சொல்வது பழகியவருக்கே சிரமம்.

பாம்பு வீட்டுக்கு வருவது உங்களைத் தேடி இல்லை, எலியையும் தவளையையும் தேடி. கோழித் தீவனம் சிந்திக் கிடந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் அது வரும். விறகு அடுக்கு, ஓட்டுக் குவியல், காய்ந்த தென்னை மட்டை எல்லாம் வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. தள்ளி, தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி அடுக்குங்கள். கதவுக்கு அடியில் இருக்கிற இடைவெளியை ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள். சிறியாநங்கை நடுவது, பூண்டு கரைத்துத் தெளிப்பது, ஆகாச கருடன் கிழங்கு கட்டித் தொங்கவிடுவது இதெல்லாம் உங்கள் விருப்பம். அதை நம்பி மட்டையை அப்புறப்படுத்தாமல் விட்டால்தான் வம்பு.

மோட்டார் ரூமைத் தனியாகச் சொல்ல வேண்டும். விடிகாலை மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது என்று தூக்கக் கலக்கத்தில் வெறுங்காலோடு ஓடி, இருட்டில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கைவிடுகிறவர்கள் உண்டு. பெட்டியின் கதகதப்புக்குப் பல்லி வரும், பல்லிக்குப் பாம்பு வரும். மூடிக்குள் குளவி கூடு கட்டியிருக்கும். முதலில் கதவைத் தட்டுங்கள், டார்ச் அடியுங்கள், தரையையும் மூலையையும் பாருங்கள், பிறகு கை. ராத்திரியில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் பாத்ரூமுக்குக்கூடப் போகாதீர்கள்.

கட்டுவிரியன் கடிப்பது பெரும்பாலும் ராத்திரி, தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரை. கடித்த தடம் கொசுக்கடி அளவுகூட இருக்காது, வீக்கமும் இருக்காது. விடிகாலையில் காரணமில்லாத வயிற்றுவலி, வாந்தி, பிறகு இமை தானாகத் தொங்கும், பேச்சு குழறும். தரையில் படுத்தவருக்கு இப்படி வந்தால் "சாப்பாடு ஒத்துக்கலை" என்று இருந்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளப்புங்கள். கட்டிலில் படுத்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிக்கொண்டாலே இந்த ஆபத்து பெருமளவு குறைந்துவிடும். கண்ணாடி விரியன் காட்டு வேலையில் கடிக்கும்: புல் அறுக்கும்போது, வரப்பில் நடக்கும்போது, சருகு கூட்டும்போது. குக்கர் விசில் மாதிரி விடாமல் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் எங்கே என்று குனிந்து பார்க்காமல் வந்த வழியிலேயே பின்வாங்குங்கள். இதன் குட்டியை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் உண்டு.

வீட்டுக்குள் பார்த்துவிட்டால், ஒருவர் தூர நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர் குழந்தைகளையும் நாயையும் வெளியேற்றிவிட்டு 101-க்கோ வனத்துறைக்கோ போன் செய்ய வேண்டும். உள்ளறைக் கதவுகளைச் சாத்தி, வெளிக்கதவைத் திறந்து வைத்தால் பாதி நேரம் அதுவே போய்விடும். கம்பெடுத்து அடிக்கப் போகிறவர்கள்தான் கடிபடுகிறார்கள்.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியது சுருக்கம். மணி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். வீங்கிவிட்டால் கழற்ற முடியாது. கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு குச்சி வைத்து, தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது, பச்சிலைக்கும் மந்திரிப்புக்கும் ஒரு நிமிடம்கூட இல்லை. நடக்க விடாமல் தூக்கி வந்து 108-ல் ஏற்றுங்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொள்ளலாம். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. தூரத்திலிருந்து போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் சரி. ஒன்றுமே ஆகாத மாதிரி தெரிந்தாலும் ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்வார்கள். சண்டை போட்டு வீட்டுக்கு வராதீர்கள்.

தேள் பற்றி ஒரு வரி: செந்தேள் கொட்டிய குழந்தைக்கு வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, கை கால் சில்லிட்டால் அது இதயத்தைப் பாதிக்கிற விஷம்; பிரசோசின் என்ற மாத்திரை உயிர் காக்கும், அதை டாக்டர்தான் கொடுக்க வேண்டும், உடனே போங்கள்.

5. பன்றி, மயில், குரங்கு, சிறுத்தை

காட்டுப்பன்றி கிழங்கையும் நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகும். விரட்ட நினைத்து இருட்டில் தனியாகப் பயிருக்குள் இறங்காதீர்கள். அடிபட்ட பன்றியும் குட்டியோடு இருக்கும் பன்றியும் நேராக ஆளின் தொடைக்கு வரும். வேலியோரத்தில் துணியோ மாவோ சுற்றிய உருண்டை கிடந்தால் காலால்கூடத் தட்டக் கூடாது. அது பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயாக இருக்கலாம், கடித்தால் வெடிக்கும். நாயைக் கட்டிவிட்டுப் போலீசுக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

மயில் முதல் வாரம் போட்டோவுக்கு, இரண்டாம் வாரம் தக்காளிக்கு. விதைத்த காட்டில் அதைத் துரத்தலாம், தொடக் கூடாது. குரங்கைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதற்கு அது சண்டைக்கான அழைப்பு. கையில் கேரி பேக் இருந்தால் கீழே போட்டுவிட்டு விலகுவது மேல்.

சிறுத்தை கண்ணில் படுவது அபூர்வம். அது வருவது ஆட்டுக்கும் நாய்க்கும். காவலுக்கு என்று நாயை ராத்திரி வெளியில் சங்கிலியில் கட்டிவைக்கிறவர்கள் உண்மையில் அதற்கு இரைதான் கட்டிவைக்கிறார்கள். நாய் உள்ளே வரட்டும், பட்டிக்கு மேலேயும் வலை இருக்கட்டும், பொழுது சாய்ந்தபின் சின்னப் பிள்ளைகள் தனியாகத் தோட்டத்தில் விளையாட வேண்டாம்.

6. யானை

2019 ஜனவரியில் தடாகம் பக்கம் பிடித்து டாப்சிலிப் காட்டில் கொண்டுபோய் விட்ட சின்னத்தம்பி என்ற யானை, நடந்தே உடுமலைப் பக்கத்துக் கரும்புக் காட்டுக்கு வந்து நின்றதைத் தமிழ்நாடே டிவியில் பார்த்தது. பிப்ரவரியில் மறுபடி பிடித்தார்கள். பயிரின் ருசி கண்ட யானைக்கு நம் வரைபடம் பொருட்டில்லை. உங்கள் நிலமும் அதன் பழைய நடைவழியில் இருக்கலாம். கரும்பு, வாழை, மக்காச்சோளம் போடுவதென்றால் அது தெரிந்து போடுங்கள்.

பொழுது சாய்ந்ததிலிருந்து விடிகிறவரை ரோடு அதனுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான விபத்து நடப்பது, கடைக்குப் போய்விட்டு ஏழு, எட்டு மணிக்கு பைக்கில் தனியாகத் திரும்புகிறவருக்கும், விடிகாலையில் காட்டுப்பக்கம் ஒதுங்கப் போகிறவருக்கும். தெருவிளக்கு இல்லாத ரோட்டில் யானையின் நிறம் இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடும். பத்தடிக்கு வந்த பிறகுதான் சுவர் மாதிரி தெரிவது கால் என்று புரியும். கழிப்பறை வீட்டோடு இருக்க வேண்டும், திரும்பி வருவதை ஆறு மணிக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் கார், அதுவும் மெதுவாக.

குறிப்புகளைப் படிக்கப் பழகுங்கள். மூங்கிலோ கிளையோ முறிகிற சத்தம். ஈரம் காயாத லத்தி (யானைச் சாணம்), அதன் புளித்த வாசனை. தோட்டத்து நாய்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து, கிட்டப் போகாமல் குரைப்பது. அப்போது உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுங்கள். வால்பாறையில் யானை நடமாட்டத்தைப் போன் செய்தியாலும் சிவப்பு விளக்காலும் முன்கூட்டியே தெரிவிக்கிற முறை பல உயிர்களைக் காத்திருக்கிறது. உங்கள் குழு அதன் சின்ன வடிவம்தான்.

காரில் போகும்போது எதிர்ப்பட்டால், தள்ளியே நின்று, ஹாரன் இல்லாமல், லைட்டை ஏற்றி இறக்காமல், மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். இறங்கிப் படம் எடுக்கிறவரைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போடுங்கள். நடந்து போகும்போது பார்த்தால் சத்தமில்லாமல் பின்வாங்கி, அது தாண்ட முடியாத ஒன்றுக்கு அப்பால் போய்விட வேண்டும்: கட்டடம், அகழி, பெரிய பாறை. குட்டியோடு இருக்கும் கூட்டத்துக்கும் தனியாக நிற்கும் ஆணுக்கும் இன்னும் அதிகத் தூரம் கொடுங்கள். ஓட்டப் பந்தயத்தில் அதை நீங்கள் ஜெயிக்க முடியாது.

வீட்டில் அரிசி, உப்பு, வெல்லம், தவிடு, புண்ணாக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அறையில் இருந்தால் சுவரோடு எடுக்கும். நடு அறைக்கு மாற்றுங்கள், தவிட்டை மூடியுள்ள டிரம்மில் வையுங்கள், தோட்டத்தில் பழுத்த பலாவை மரத்தில் விட்டுவைக்காதீர்கள். ராத்திரி வாசலுக்கு வந்துவிட்டால் பின் அறைக்குப் போய், பேச்சைக் குறைத்து, வனத்துறைக்குப் போன் செய்துவிட்டு இருங்கள். பட்டாசு வெடிப்பதும் பந்தம் வீசுவதும் விரட்டப் பழகிய குழுவின் வேலை. நீங்கள் கிழக்கே விரட்டினால் அது அடுத்த சாளைக்குத்தான் போகும்.

7. வேலியும் மனுவும்

கம்பிவேலியில் நேரடியாக மின்சாரம் விடுவது கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன, இரண்டு குட்டிகள் பிழைத்து நின்றன. நில உரிமையாளர் சிறைக்குப் போனார். யானைக்கு முன்னால் அந்த வேலியில் பக்கத்து வீட்டுக்காரர் சாகவும் வாய்ப்புண்டு. சோலார் வேலி போடலாம். அதற்கும் 2023 முதல் தனி விதி இருக்கிறது, வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும், குறித்த தரத்தில் உள்ள கருவி வாங்க வேண்டும். உடும்பு, மயில், பாம்பு எதைக் கொன்றாலும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தில் வழக்கு வரும்.

பயிர் போனால் அழிந்த வாழையை வெட்டி ஒதுக்கிவிடாதீர்கள். விழுந்தது விழுந்தபடி, கால்தடமும் லத்தியும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். அன்றே வனவருக்குத் தகவல் சொல்லி, பட்டா, சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தக நகலோடு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீடு கேட்டு மனு கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் அல்லது தோட்டக்கலைத் துறையினரும் வந்து பார்த்து மதிப்பு எழுதுவார்கள். அவர்கள் வரும் நாளில் நீங்கள் நேரில் இருந்து, எத்தனை மரம், என்ன வயது என்று கூட நின்று எண்ணிக் கொடுங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.